கடற்பாலத்துக்கு அப்பால் ஓர் இரவு: 400 வெள்ளிக்குள் எந்தப் பயணம்?

அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் நாள்களில் ஒருமுறையாவது எல்லை தாண்டி அழைத்துப் போக வேண்டும் என்பது என் மகளின் ஆசை. மலேசியாவின் ஜோகூர் பாருவிலுள்ள கண்ணாடிக் கோயிலை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சென்றமுறை அவர் வந்திருந்தபோதும் போனோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவர், “வரிசையில் நிற்பதற்குத்தான் போவது என்றால் நான் வரவில்லை, நீங்கள் மூன்று பேரும் போய்வாருங்கள்” என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. அதனால்தான் இம்முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

எங்கள் வீட்டு நிலவரம் இதுதான். நான் சிங்கப்பூரில் வேலை அனுமதி அட்டையில் இருக்கிறேன். மனைவியும் பத்து வயது மகளும் என்னைச் சார்ந்தோர் அட்டையில் இருக்கிறார்கள். அம்மா வருகையாளர். நால்வருமே இந்தியக் கடப்பிதழ்காரர்கள். கையில் ஒதுக்கியிருப்பது 400 சிங்கப்பூர் வெள்ளி. இங்கே வசிக்கும் பல தமிழ்க் குடும்பங்களின் நிலைமை ஏறத்தாழ இதுவே என்பதால் என் கணக்கை முழுவதுமாக எழுதிவைக்கிறேன். குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சில இடங்களில் கணக்கு மாறும். அதை அங்கங்கே சொல்கிறேன்.

சென்றமுறை செய்த தவறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பும் ஒருநாள் பயணம். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் ஜோகூர் பக்கம் வெளியே வந்தபோது பதினொன்றரை. மாலை ஐந்தரைக்குத் திரும்பும் வரிசையில் சேர்ந்து, வீட்டுக் கதவைத் திறந்தபோது இரவு ஒன்பதரை. ஊர் சுற்றியது ஆறு மணி நேரம், போகவர ஆனது ஏழரை மணி நேரம்.

பஸ் செலவு நால்வருக்கும் சேர்த்து 20 வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. அந்த மலிவில்தான் நான் ஏமாந்தேன். திரும்பும்போது பஸ்ஸுக்கான வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அம்மா இரண்டு மூன்று முறை காலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், வாங்கியிருந்த பிஸ்கட் டின் பையைக் கீழே வைத்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, ஒரு படி இறங்கி, மறுபடி உட்கார்ந்தார். மறுவாரம் முட்டி வலிக்கு மருத்துவரையும் மருந்தையும் சேர்த்து 85 வெள்ளி ஆயிற்று. பயணக் கணக்கு நோட்டில் அந்த 85-ஐ மனைவி தனி வரியாக எழுதி வைத்திருக்கிறாள். எழுத வேண்டியதுதான். அது பயணச் செலவே.

சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் சில பத்து மீட்டர்களும்தான். 1923-இல் ரயிலுக்குத் திறந்து, 1924-இல் முறைப்படி திறப்பு விழா நடந்த பாலம். வெறும் சாலையாக இருந்தால் கால் மணி நேர நடை. ஆனால் நெரிசல் நாள்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து இலட்சம் பேருக்கும் மேல் கடக்கிறார்கள். எனவே இந்தப் பயணத்தின் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது சாவடியில் போகும் மணி நேரம். ரிங்கிட் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான்கு வாய்ப்புகள்

எங்கள் முன் இருந்தவை நான்கு: ஜோகூருக்கு ஒருநாள் பயணம், ஜோகூரில் ஓர் இரவு, மலாக்காவில் இரண்டு இரவு, படகில் இந்தோனேசியத் தீவான பாத்தாம்.

பாத்தாமை முதலில் தள்ளிவிடலாம். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம், உட்கார்ந்தே போகலாம், கடல் காற்று கிடைக்கும். அம்மாவின் முட்டிக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. ஆனால் போகவரப் படகுக் கட்டணம் ஆளுக்கு 70, 80 வெள்ளி. இந்தியக் கடப்பிதழ்காரர்கள் அங்கே இறங்கியதும் எடுக்கும் விசாவுக்கு 500,000 ரூப்பியா, அதாவது ஏறத்தாழ 40 வெள்ளி. பத்து வயதுப் பிள்ளைக்கும் தனி விசா. படகு 300, விசா 160 என்று படுக்க இடம் பார்ப்பதற்குள் 460 வெள்ளி போய்விடுகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த விசாச் செலவு இல்லை. அவர்களுக்குப் பாத்தாம் நல்ல போட்டி. நான்கு இந்தியக் கடப்பிதழோடு போகும் குடும்பத்துக்கு இல்லை.

மலாக்காவைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1511-இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றிய துறைமுகம், பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். 2008-இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வணிகத்துக்குப் போய் அங்கேயே வேரூன்றியவர்கள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அவர்கள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அம்மாவை அந்தக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் மலாக்கா ஓரிரவுக்கு ஒத்துவராது. எல்லைக் காத்திருப்பைச் சேர்க்காமலே சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம். தொலைதூரப் பேருந்தில் போனாலும் இரண்டு சாவடியிலும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து, மறுநாள் மதியம் கிளம்புவதற்குள் என்ன பார்க்க முடியும்? இரண்டு இரவு வேண்டும். போகப் பேருந்துக்கு 120 வெள்ளி, திரும்ப ரிங்கிட்டில் எடுத்தால் ஏறத்தாழ 60, விடுதிக்கு இரண்டு இரவுக்கும் 173, சாப்பாட்டுக்கு 133, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 33. மொத்தம் 519 வெள்ளி. கடையில் ஒரு பொருள்கூட வாங்காமல் இவ்வளவு. மூன்று நாள் விடுப்பும் 600 வெள்ளியும் சேரும்போது மலாக்காவுக்குத்தான் முதலில் போவோம். இம்முறை இல்லை.

மகள் இடையில் ஜோகூரிலுள்ள லெகோலாந்து கேளிக்கைப் பூங்காவை நுழைக்கப் பார்த்தாள். நால்வருக்கு நுழைவுச்சீட்டு எடுத்தால் எங்கள் தொகையின் பெரும்பகுதி வாசலிலேயே தீர்ந்துவிடும். அம்மாவுக்கு வெயிலில் ஒரு நாள் முழுக்க அங்கே ஒன்றுமில்லை. அவளுக்கு அது புரிந்தது.

ஆக மிஞ்சியவை இரண்டு: ஜோகூரில் ஒருநாள் அல்லது ஓர் இரவு.

ஒருநாளா, ஓர் இரவா

கணக்குக்கு 1 வெள்ளிக்கு 3 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டேன். சந்தையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். 2024 தொடக்கத்தில் மூன்றரைக்கு மேல்கூடப் போனது. ஆனால் பட்ஜெட் போடும்போது குறைந்த மதிப்பில் போடுவதுதான் சரி. மாற்றும்போது கிடைக்கும் மிச்சம் கையிருப்பாகிவிடும்.

ஒருநாள் பயணம் என்றால், பஸ்ஸுக்கு 20 வெள்ளி. மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, இடையில் குடிப்பவை எல்லாமாக 160 ரிங்கிட். ஊருக்குள் கிராப் வாடகைக் காருக்கு 60 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 73 வெள்ளி. கடைச்செலவுக்கு 300 ரிங்கிட், அதாவது 100 வெள்ளி. மொத்தம் 193.

ஓர் இரவு தங்கினால், நால்வர் படுக்கும் அறைக்கு 260 ரிங்கிட் வைத்திருக்கிறேன். நகர நடுவில் நட்சத்திர விடுதி தேடினால் இது போதாது. நாம் கேட்பது சுத்தமான அறை, மின்தூக்கி, சூடான தண்ணீர். அதற்குப் போதும். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, விடுதியில் தனியாகக் கேட்பார்கள். சாப்பாடு 300, கார் 60, திரும்பும் ரயில் 20. எல்லாம் 650 ரிங்கிட், அதாவது 217 வெள்ளி. போகும் ரயிலுக்கு 20 வெள்ளி, வீட்டிலிருந்து சாவடிக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் டாக்சிக்கு 24 வெள்ளி. கடைச்செலவு அதே 100. மொத்தம் 361. கையில் 39 வெள்ளி மிஞ்சுகிறது.

இரண்டுக்கும் இடையே 168 வெள்ளி வித்தியாசம். அந்த 168-க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஒருநாள் பயணம் போகிறவர் எந்த நேரத்தில் எல்லையைக் கடப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது. காலையில் எல்லோரும் போகும்போது போக வேண்டும், மாலையில் எல்லோரும் திரும்பும்போது திரும்ப வேண்டும். இரவு தங்குகிறவரால் முற்பகலில் நிதானமாகப் போய், மறுநாள் நண்பகலில் கூட்டமில்லாமல் திரும்ப முடியும். அறை வாடகை தூங்குவதற்கு மட்டும் கொடுப்பதில்லை, நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். இளைஞர்கள் இருவர் மட்டும் போவதென்றால் நானே ஒருநாள் பயணத்தைத்தான் சொல்வேன். விடியற்காலையில் கிளம்பி, சாப்பிட்டு, படம் பார்த்து, நள்ளிரவை ஒட்டித் திரும்பிவிடலாம். அறுபத்தெட்டு வயது முட்டியோடு அது முடியாது.

எந்தக் கிழமை என்பதும் முக்கியம். முன்பு ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு அங்கே வேலை நாள் என்பதால் நமக்கு ஞாயிறு சற்று இலகுவாக இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. இப்போது இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே நாளில் கிளம்புகிறது. பழைய நினைப்பில் ஞாயிறு மாலை திரும்பத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் எடுத்த நாள், ஜூலை முதல் ஞாயிறும் மறுநாள் திங்களும். அந்த ஞாயிறு இளையர் தினம். திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை, ஆனால் பொது விடுமுறை அல்ல. எனக்கு ஒரு நாள் விடுப்பு போகிறது. அதற்கு ஈடாக, வெள்ளி மாலையும் சனி காலையும் போன கூட்டம் திரும்பத் தொடங்கும் நாளில் நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம். திங்கள் விடியற்காலையில் ஜோகூரிலிருந்து வேலைக்கு வரும் பெருங்கூட்டம் கடந்த பிறகு திரும்புகிறோம். ஞாயிறு இரவு அறை வாடகையும் சனி இரவைவிடக் குறைவு.

பஸ், ரயில், கார்

பஸ் மலிவு, எப்போதும் உண்டு. கிராஞ்சியிலிருந்து 170எக்ஸ், உட்லண்ட்சிலிருந்து 950, குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170, ஜூரோங்கிலிருந்து 160, இவற்றோடு மஞ்சள் நிறக் காஸ்வே லிங்க் பேருந்துகள். ஆளுக்கு இரண்டு மூன்று வெள்ளிக்குள் முடியும். கார்கள் நகராமல் நிற்கும்போதும் பஸ்ஸுக்குத் தனித் தடம் இருப்பதால் பாலத்தின் மேல் அது நகரும். சிரமம் பாலத்தில் இல்லை, இறங்கி ஏறுவதில்தான். சிங்கப்பூர்ச் சாவடியில் பையோடு இறங்கி, குடிநுழைவு முடித்து, அதே எண் பஸ்ஸுக்கு மறுபடி வரிசை. பாலம் தாண்டியதும் மறுபடி இறங்கி, மறுபடி குடிநுழைவு. நெரிசல் இல்லாத நேரத்தில் இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நெரிசலில் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ரயில் என்பது மலாயன் ரயில்வே நடத்தும் ஷட்டல் தெப்ராவ். 2011-இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்பட்டு ரயில் உட்லண்ட்சோடு நின்றுபோனது. 2015-இல் இந்தக் குறுந்தூர ரயில் தொடங்கியது. உட்லண்ட்சிலிருந்து ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கு ஐந்து நிமிடம். இந்தப் பக்கம் ஏறினால் 5 வெள்ளி, அந்தப் பக்கம் ஏறினால் 5 ரிங்கிட். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்சிலேயே முடிந்துவிடுகிறது. ரயிலை விட்டு இறங்கினால் நேரே ஜோகூர் ஊருக்குள் நடக்கலாம். ஒரு ரயிலுக்கு இத்தனை பேர்தான் என்பதால் வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. அம்மாவுக்கு இதைவிட ஏற்றது இல்லை.

சிக்கல் ஒன்றே. வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். நினைத்தவுடன் போகிறவர்களுக்கு இது உதவாது. கடப்பிதழ் விவரங்களோடு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. திரும்பும் டிக்கெட் கிடைத்த பிறகே விடுதியைப் பதிவு செய்தேன். புதிய ஆர்டிஎஸ் ரயில் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ஓடத் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் வகையில் கட்டப்படும் தடம் அது. 2026 இறுதி என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

கார்: நண்பர் ஒருவர் தன் காரைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் கணக்குப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டேன். சிங்கப்பூர்ப் பதிவுக் கார் மலேசியாவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் கட்ட வேண்டும். பாலத்தின் சுங்கம் தனி. வாகன நுழைவு அனுமதி பெற்று, அதற்குரிய மின்னட்டை காரில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம், அங்கேயே திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் காருக்குப் போடக்கூடாது, ரான் 97 போன்ற மானியமற்ற வகைதான். பணம்கூடப் பெரிதல்ல. நெரிசல் நாளில் கார் வரிசையில் இரண்டு மூன்று மணி நேரம் அடைபட்டுக் கிடந்தால் வயதானவருக்குக் கழிப்பறைக்கு வழியில்லை. அம்மாவிடம் கேட்டேன். நிற்பதைவிட அதற்குத்தான் பயப்படுவேன் என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. ஆறேழு பேர் சேர்ந்து துவாஸ் வழியாக மலேசியாவின் உட்பகுதி ஊர்களுக்குப் போகும் குடும்பங்களுக்குக் கார் நல்லது.

குறைந்த விலைக்கு வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை கொண்டுவிடுகிறோம் என்று குறுஞ்செய்தியில் ஆள் பிடிக்கும் உரிமமற்ற கார்களும் உண்டு. அவற்றில் ஏற வேண்டாம். பிடிபட்டால் நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டியைப் பறிமுதல் செய்கிறது, நடுவழியில் நிற்பது நாம்தான். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம்.

காசு கேட்காத காகிதங்கள்

இந்தியர்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம். எனவே விசாச் செலவு இல்லை. ஆனால் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் கடப்பிதழ் என்றால் நிரப்பியே ஆக வேண்டும்.

திரும்பும்போது நாங்கள் மூவரும் நீண்டகால அட்டைக்காரர்கள் என்பதால் தரைவழியாக வர சிங்கப்பூர் வருகை அட்டை தேவையில்லை. அம்மாவுக்குத் தேவை. அதுவும் இலவசம்தான். இரண்டு அட்டைகளுக்குமே பணம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. பணம் கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்பதை. ஒருமுறை நுழைவு விசாவோடு கடற்பாலத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப வேறு விசா வேண்டும். ஜோகூர் போய்வந்தால் தங்கும் நாள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும் என்று சிலர் நம்புகிறார்கள். எத்தனை நாள் தருவது என்பதை நுழையும்போது அதிகாரி முடிவு செய்வார். அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. அம்மாவின் சென்னை விமான டிக்கெட்டின் நகலைக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ரிங்கிட்டை எப்படி எடுத்துப் போவது

முன்பெல்லாம் தேக்காவிலோ முஸ்தஃபா பக்கமோ போய் மொத்தமாக மாற்றிக்கொண்டு வருவேன். இப்போது கையில் ரொக்கமாக 200 ரிங்கிட் மட்டும். இலைச் சாப்பாட்டுக் கடை, தேநீர், பூ, காணிக்கை இவற்றுக்கு அது போதும். மற்றதற்கு 2023 முதல் சிங்கப்பூரின் நெட்ஸுக்கும் மலேசியாவின் டூயிட்நவ்வுக்கும் இடையே கியூஆர் கட்டண இணைப்பு வந்துவிட்டது. சிங்கப்பூர் வங்கிச் செயலியிலேயே மலேசியக் கடையின் கியூஆரைப் படித்துப் பணம் செலுத்தலாம். பல நாணயக் கணக்கு அட்டை இருந்தால் அதுவும் நல்லது. சாதாரணக் கடன் அட்டையைத் தேய்த்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமாக மூன்று சதவீதத்தை ஒட்டிப் போகும். எந்த அட்டையாக இருந்தாலும் இயந்திரம் “சிங்கப்பூர் வெள்ளியிலா, ரிங்கிட்டிலா” என்று கேட்கும்போது ரிங்கிட்டையே அழுத்த வேண்டும். வெள்ளியை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைப்பக்கம் தீர்மானிக்கும், அது நமக்குச் சாதகமாக இருக்காது.

வாங்கி வருவதில் ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. 48 மணி நேரத்துக்குள் திரும்பும் பயணிக்கு 100 வெள்ளி வரை, அதற்கு மேல் தங்கியவருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வேலை அனுமதி, சார்ந்தோர், மாணவர், நீண்டகால அட்டைக்காரர்களுக்கு அந்த விலக்கு இல்லை. எங்கள் மூவருக்கும் இல்லை, அம்மாவுக்கு மட்டும் உண்டு. ஆகவே 300 ரிங்கிட்டுக்கு நாங்கள் வாங்கிவரும் புதிய பொருள்களுக்கு 9 சதவீத வரியையும் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். முழுத் தொகைக்கும் கட்டினாலும் 9 வெள்ளிதான், அந்த 39-இலிருந்து போகும். கட்டிவிட்டு நிம்மதியாக வரலாம். சிகரெட்டுக்கு ஒரு குச்சிகூட விலக்கு இல்லை. மெல்லும் கோந்து கொண்டுவரக்கூடாது.

எங்கே செலவழிப்போம்

செலவைக் குறைத்துக் குறைத்துப் பயணத்தையே குறைத்துவிடக்கூடாது என்பதால், தாராளமாக இருக்க வேண்டிய இடங்களையும் குறித்திருக்கிறோம். முதலில் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில். சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடி பதித்து 2009-இல் புதுக்கோலம் கொண்ட கோயில். மூன்று இலட்சம் கண்ணாடித் துண்டுகள் என்று கணக்குச் சொல்வார்கள். சென்றமுறை மதியம் அவசர அவசரமாக நுழைந்து வெளியே வந்தோம். அம்மா நின்று பார்க்கவே இல்லை. இம்முறை நேரம் பார்க்காமல் அவரை அங்கே உட்காரவைக்க வேண்டும்.

அடுத்தது ஜாலான் உங்கு புவான், ஜாலான் துருஸ் பக்கம். பூக்கடை, புடவைக்கடை, ராஜமாரியம்மன் கோயில் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதால் அம்மாவுக்கு நடை குறைவு. அங்கிருந்து ஜாலான் தான் ஹியோக் நீ தெரு அருகில்தான். விறகு அடுப்பில் சுடும் ஹியாப் ஜூ வாழைப்பழக் கேக்குக்கு மகள் இப்போதே நாள் எண்ணுகிறாள். கடைச்செலவு 300 ரிங்கிட்டில் அம்மாவுக்கு ஒரு கைத்தறிப் புடவை வாங்க வேண்டும் என்பது மனைவியின் திட்டம். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, தஞ்சாவூரில் இதைவிட மலிவு என்பார்.

கிராப் காருக்கு வைத்த 60 ரிங்கிட்டில் கை வைக்க மாட்டோம். ஜேபி சென்ட்ரலிலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். எனக்கும் மகளுக்கும் அது நடை, அம்மாவுக்கு அது அடுத்த நாளின் வலி.

ரயில் டிக்கெட் இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று. விடுதிக்குப் பணம் கட்டியாயிற்று. மின்தூக்கி இருக்கிறதா என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டும்விட்டேன். இனி மிச்சம் மூன்று வேலைகள். வெள்ளி இரவு நால்வருக்கும் மலேசிய வருகை அட்டை, சனிக்கிழமை அம்மாவுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டை, வழியில் சாப்பிட அம்மா செய்வதாகச் சொன்ன புளியோதரைக்கு நல்லெண்ணெய்.